நிகழ்நேரக் கணினி அமைப்புகளின் நம்பகத்தன்மையும் காலந்தவறாமையும்: முனைவர் பட்ட ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிகழ்நேரக் கணினி அமைப்புகளில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியவர்களும், தொடங்கலாமா என்று யோசிப்பவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. பின்னால் உள்ள சில விடைகள் முன்னால் போட்ட கணக்கைத் தொடர்வதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

நிகழ்நேர அமைப்பு என்றால் மிக வேகமாக இயங்கும் அமைப்பு என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஒரு கணினியின் சராசரி வேகம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும், தேவையான விடை தேவையான கெடுவுக்குள் வந்துவிடும் என்று முன்கூட்டியே உறுதி சொல்ல முடியாவிட்டால் அதை நிகழ்நேர அமைப்பாகக் கொள்ள முடியாது. கார் மோதும்போது காற்றுப்பையை விரிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சில பத்து மில்லி விநாடிகளே அவகாசம். பெரிய உலையின் வெப்பநிலையைச் சீராக்கும் கருவிக்குப் பல விநாடிகள்கூட இருக்கலாம். இரண்டுமே நிகழ்நேர அமைப்புகள்தாம். வேகத்தையும் முன்கணிப்பையும் குழப்பிக்கொள்ளும் இந்தப் போக்கை ஜான் ஸ்டான்கோவிக் 1988-ஆம் ஆண்டிலேயே விரிவாக மறுத்து எழுதினார். ஆனாலும் இன்றும் முதலில் வரும் கேள்வி இதுவே.

ஆய்வேட்டைப் பொறுத்தவரை இதன் விளைவு நேரடியானது. சராசரி மறுமொழி நேரம் குறைந்தது என்று காட்டும் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், மிக மோசமான நேரம் என்னவாயிற்று என்ற கேள்விக்கு அது விடை தராது.

கெடு ஒரே ஒரு முறை தவறினால்கூட அமைப்பு தோற்றுவிட்டது என்றுதான் எழுத வேண்டுமா?

அது எந்த அமைப்பைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒருமுறைகூடத் தவறக் கூடாத கடுங்கெடு, தாமதமாக வந்த விடையை வீசிவிடக்கூடிய கெடு, தாமதமானால் பயன் படிப்படியாகக் குறையும் மென்கெடு என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். இவற்றுக்கு இடையில், தொடர்ச்சியான பத்து வருகைகளில் இரண்டுவரை தவறலாம் என்பது போன்ற வரையறைகளும் உண்டு. கட்டுப்பாட்டுப் பொறியியலில் பல சுற்றுகள் இத்தகையவையே. ஓரிரு மாதிரிகள் விடுபட்டாலும் அவை நிலைகுலைவதில்லை. எந்த வகை என்பதை ஆய்வேட்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நம்பகத்தன்மை ஒரு துறை, காலந்தவறாமை வேறொரு துறை அல்லவா? இரண்டையும் ஏன் ஒரே ஆய்வேட்டில் இழுத்துக்கொள்ள வேண்டும்?

நடைமுறையில் அவை ஒன்றின் செலவில்தான் மற்றொன்று கிடைக்கிறது என்பதே காரணம். பிழையைக் கண்டறியவும், கண்டபின் பணியை மீண்டும் ஓட்டவும், மூன்று பிரதிகளின் விடைகளை ஒப்பிடவும், இடைநிலையைச் சேமிக்கவும் நேரம் ஆகிறது. அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் கெடுவுக்குள் முடியும் என்று நிறுவினால், பிழையே நிகழாத உலகத்துக்கு மட்டும் பொருந்தும் சான்றை எழுதியிருக்கிறீர்கள். மறுபக்கம், விடை சரியானது என்று மட்டும் காட்டி அது எப்போது வருகிறது என்பதை விட்டுவிட்டால், நம்பகத்தன்மை பற்றிய கூற்றும் அரைகுறையாகிறது.

காலக் கணக்கே பிழையாகி உயிர்களைப் பறித்ததும் உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று தன்னை நோக்கி வந்த ஸ்கட் ஏவுகணையைப் பின்தொடரத் தவறியதால் 28 அமெரிக்க வீரர்கள் இறந்தனர். விநாடியில் பத்தில் ஒரு பங்கை 24 இருமஎண்களுக்குள் துல்லியமாகக் குறிக்க முடியாததால் எழுந்த மிகச் சிறிய வெட்டுப்பிழை, அமைப்பு ஏறத்தாழ 100 மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடியதில் சேர்ந்து சேர்ந்து சுமார் 0.34 விநாடியாக வளர்ந்திருந்தது. ஏவுகணையின் வேகத்தில் அது அரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விலகல். இதை நம்பகத்தன்மைக் குறை என்பதா, காலக் குறை என்பதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரிந்து வழியில்லை.

என் பணித்தொகுப்பின் பயன்பாடு 83 சதவீதம் வருகிறது. 69 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டதால் கெடு தவறும் என்று எழுதிவிடலாமா?

கூடாது. லியூவும் லேலண்டும் 1973-இல் நிறுவிய அந்த வரம்பு, அடிக்கடி வரும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை தரும் முறையில், பணிகளின் எண்ணிக்கை எவ்வளவு பெருகினாலும், பயன்பாடு, அதாவது பிராசசரின் நேரத்தில் பணிகள் எடுத்துக்கொள்ளும் மொத்தப் பங்கு, 69.3 சதவீதத்துக்குள் இருந்தால் எந்தக் கெடுவும் தவறாது என்று சொல்கிறது. வரம்பைத் தாண்டினால் தவறியே தீரும் என்று அது சொல்லவில்லை. தாண்டினால், ஒவ்வொரு பணியின் மறுமொழி நேரத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். முதற்பணி 4 மில்லி விநாடிக்கு ஒருமுறை வந்து 1 மில்லி விநாடி ஓடுகிறது; இரண்டாம் பணி 6-க்கு ஒருமுறை வந்து 2 ஓடுகிறது; மூன்றாம் பணி 12-க்கு ஒருமுறை வந்து 3 ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் அடுத்த வருகையே கெடு. மொத்தப் பயன்பாடு 83.3 சதவீதம், மூன்று பணிகளுக்கான வரம்போ 78 சதவீதம். மூன்றும் ஒரே கணத்தில் வந்து சேர்வதே மிக மோசமான நிலை. அப்போது மூன்றாம் பணியின் சொந்த ஓட்டமான 3-க்குள் மற்ற இரண்டும் ஒவ்வொரு முறை குறுக்கிடுவதால் 3 + 1 + 2 = 6 ஆகிறது. 6 வரை நீண்டதும் முதற்பணி இரண்டாம் முறை வருவதால் 7. 7 ஆனதும் இரண்டாம் பணியும் இரண்டாம் முறை வருவதால் 9. 9 ஆனதும் முதற்பணி மூன்றாம் முறை வருவதால் 10. 10-ஐ வைத்துக் கணக்கிட்டால் மீண்டும் 10 வருகிறது, அதுவே விடை. கெடு 12 என்பதால் மூன்றாம் பணி தப்பிவிடுகிறது.

அந்த உதாரணத்தில் ஒரு பிழை நேர்ந்து பணியை மறுபடி ஓட்ட வேண்டி வந்தால் என்ன ஆகும்?

பணி முடியும் தறுவாயில் பிழை தெரியவருகிறது, அதே முன்னுரிமையில் முழுப் பணியும் மீண்டும் ஓடுகிறது, எந்த 12 மில்லி விநாடி இடைவெளியிலும் ஒரு பிழைக்கு மேல் வராது என்று கொள்வோம். பிழை மூன்றாம் பணியிலேயே நேர்ந்தால் அதன் சுமை 3 + 3 = 6 ஆகிறது; மேலே செய்தது போலவே படிப்படியாகக் கூட்டினால் 10, பிறகு 13. கெடுவைத் தாண்டிவிட்டது. பிழையற்ற உலகில் 2 மில்லி விநாடி மிச்சம் வைத்திருந்த பணி, ஒரே ஒரு பிழையில் வீழ்கிறது.

இப்போது மூன்றாம் பணியின் நடுவில் ஒரு சோதனைச்சாவடி வைத்து, இடைநிலையைச் சேமித்து, பிழை நேர்ந்தால் பாதியை மட்டும் மீண்டும் ஓட்டுவதாகக் கொள்ளுங்கள். கூடுதல் சுமை 1.5 ஆகக் குறைந்து மறுமொழி நேரம் 11.5 ஆகிறது. ஆனால் மிக மோசமான நிலை இப்போது இடம்மாறிவிட்டது: பிழை இரண்டாம் பணியில் நேர்ந்தால் அது 2 மில்லி விநாடியை மீண்டும் எடுத்துக்கொள்வதால், மூன்றாம் பணி சரியாக 12-இல்தான் முடிகிறது. இரண்டாம் பணியும் தன் கெடுவான 6-ஐச் சரியாகத் தொடுகிறது. தாளில் எல்லாக் கெடுவும் காக்கப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் மகிழ்ந்து நிறுத்திவிடும் ஆய்வாளர்கள் பலர். இடைநிலையைச் சேமிக்க 0.1 மில்லி விநாடி ஆகும் என்று சேர்த்துப் பாருங்கள். மூன்றாம் பணியின் நேரம் 12.1 ஆகி, அந்த நொடியில் வந்து நிற்கும் மற்ற இரு பணிகளின் புதிய வருகைகளுக்கும் வழிவிட்டு இன்னும் பின்தள்ளப்படுகிறது. பிழை தாங்கும் ஏற்பாட்டின் விலையைச் சுழி என்று வைத்துக்கொண்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த 0.1-ஐ நினைவில் வைத்திருப்பது நல்லது.

மிக மோசமான ஓட்ட நேரத்தை அளந்தே கண்டுபிடித்துவிடலாமே? லட்சம் முறை ஓடவிட்டு அதிகபட்சத்தை எடுத்தால் போதாதா?

அளந்ததில் கிடைப்பது நீங்கள் பார்த்தவற்றுள் மோசமானது. நிகழக்கூடியவற்றுள் மோசமானது அதற்கு மேலேயும் இருக்கலாம். எந்த உள்ளீடு எந்தக் கிளையில் போகும், அந்த வேளையில் பிராசசரின் சிறிய விரைவு நினைவகமான கேஷில் என்ன இருக்கும், முந்தைய கட்டளைகள் பிராசசரை எந்த நிலையில் விட்டுச் சென்றன என்பனவெல்லாம் ஒன்றாகக் கூடி வரும் அந்த மோசமான சேர்க்கை லட்சம் ஓட்டங்களில் ஒருமுறைகூட வராமல் போகலாம்.

நிரலை ஓட்டிப் பார்க்காமலே, அதையும் வன்பொருளையும் மாதிரியாக்கி மேல்வரம்பு காணும் நிலைப் பகுப்பாய்வு ஒரு வழி; அதற்கென ஐட், ஓட்டாவா, ஹெப்டேன் போன்ற கருவிகள் இருக்கின்றன. அதன் குறை, பிராசசரின் உள்ளமைப்பு வெளியிடப்படாதபோது மாதிரியைக் கட்ட முடியாது என்பதும், வரம்பு சில நேரம் மிகத் தளர்வாக வரும் என்பதுமே. அளவீடுகளின்மேல் உச்சமதிப்புக் கோட்பாட்டைப் பயன்படுத்தி, ஓட்ட நேரம் இன்ன அளவைத் தாண்டும் நிகழ்தகவு இவ்வளவு என்று சொல்லும் வழியும் உண்டு. அதைப் பின்பற்றுபவர்கள், தங்கள் அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்பதையும், சோதனைக்கூட உள்ளீடுகள் பயன்பாட்டில் வரும் உள்ளீடுகளைப் பிரதிபலிக்கின்றன என்பதையும் காட்ட வேண்டும். இரண்டாவதைக் காட்டுவதுதான் கடினம். பெரும்பாலான ஆய்வேடுகள் அதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

ஒரு கோரில் எல்லாம் சரியாக இருந்தது. நான்கு கோர் கொண்ட பிராசசருக்கு மாற்றினால் இன்னும் எளிதாகத்தானே ஆக வேண்டும்?

அப்படித் தோன்றுவது இயல்பு. பல கோர்களுக்குப் பொதுவாக முன்னுரிமை வழங்கும்போது, மொத்தத் திறனில் ஒரு சிறு பங்கை மட்டுமே கேட்கும் பணித்தொகுப்பும் கெடுவைத் தவறவிடலாம் என்று தாலும் லியூவும் 1978-இல் காட்டினர். எல்லாக் கோர்களிலும் குறுகிய பணிகள் முதலில் ஏறிக்கொள்ள, தன் கெடுவுக்கு ஏறத்தாழ சமமான நேரம் ஓட வேண்டிய ஒரு நெடும்பணி சிறிது காத்திருந்தாலே போதும், அது தவறிவிடும். பணிகளுக்குள் முன்பின் சார்பு இருந்தால், சில பணிகளை விரைவாக முடிப்பதே மொத்த நேரத்தைக் கூட்டிவிடும் முரணையும் ரொனால்ட் கிரஹாம் 1960-களிலேயே காட்டியிருந்தார்.

இதைவிட நடைமுறையில் தொல்லை தருவது பொது வளங்கள். கடைசி நிலைக் கேஷும் நினைவகப் பாதையும் எல்லாக் கோர்களுக்கும் பொதுவாக இருப்பதால், பக்கத்துக் கோரில் என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்து உங்கள் பணியின் ஓட்ட நேரமே மாறுகிறது. முந்தைய விடையில் பேசிய மிக மோசமான ஓட்ட நேரம் இங்கே ஒரு பணிக்கு மட்டும் உரிய எண்ணாக இருப்பதில்லை.

செவ்வாய்க்குப் போன பாத்ஃபைண்டர் சம்பவத்தை முன்னுரையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், இந்தத் துறையில் அதைச் சேர்க்காத முன்னுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1997 ஜூலையில் தரையிறங்கிய அந்த விண்கலத்தில், வானிலைத் தரவு சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டை (பொது வளத்தை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் பயன்படுத்தச் செய்யும் ஏற்பாட்டை) பிடித்திருக்க, அதே பூட்டுக்காக உயர்ந்த முன்னுரிமைப் பணி காத்திருக்க, பூட்டோடு தொடர்பே இல்லாத இடைநிலைப் பணி நடுவில் புகுந்து நெடுநேரம் ஓடியது. முக்கியப் பணி நேரத்தில் முடியவில்லை என்று கண்ட கண்காணிப்புப் பொறிமுறை கணினியை மறுதொடக்கம் செய்தது. இது பலமுறை நிகழ்ந்தது. பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் வசதி இயங்குதளத்திலேயே இருந்தது, ஆனால் அந்தப் பூட்டுக்கு அது முடக்கி வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து அதை இயக்கியதும் சிக்கல் தீர்ந்தது.

ஆனால் கோட்பாடு இல்லாததால் நேர்ந்த விபத்து என்று எழுதாதீர்கள். லூய் ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி ஆகியோரின் முன்னுரிமை வழங்கும் நெறிமுறைகள் 1990-இலேயே வெளியாகியிருந்தன.

மூன்று பிரதிகளை வைத்துப் பெரும்பான்மை வாக்கு எடுத்தால் நம்பகத்தன்மைப் பிரச்சினை முடிந்துவிடாதா?

பிரதிகள் ஒன்றையொன்று சாராமல் பழுதாகும் என்றால் ஓரளவு உண்மை. ஒரு பிரதி சரியாக இயங்கும் நிகழ்தகவு 0.9 என்றால், மூன்றில் குறைந்தது இரண்டு சரியாக இருக்கும் நிகழ்தகவு 0.972 ஆகிறது, வாக்கெடுப்பவர் பழுதாகமாட்டார் என்று வைத்துக்கொண்டால். தனிப்பிரதியின் நிகழ்தகவு 0.4 ஆக இறங்கிவிட்டாலோ மூன்றின் கூட்டு 0.352, அதாவது ஒன்றையே வைத்திருப்பது மேல். நெடுங்காலம் பழுதுபார்க்காமல் ஓடும் அமைப்புகளுக்கு இந்தத் திருப்புமுனை முக்கியம்.

சாராமை என்ற அந்த ஒற்றை நிபந்தனைதான் பெரும்பாலும் உடைகிறது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ஏவுகலத்தின் முதற்பயணத்தில், திசையறியும் அமைப்பின் இரு பிரதிகளும் ஒரே மென்பொருளை ஓட்டியதால், 64 பிட் மிதவை எண்ணை 16 பிட் முழுஎண்ணாக மாற்றும் இடத்தில் இரண்டுமே ஒரே காரணத்தால் நின்றன. மாற்றுப் பிரதி முந்தைய 72 மில்லி விநாடிச் சுழற்சியிலேயே நின்றுவிட்டிருந்தது. தனித்தனிக் குழுக்கள் தனித்தனியாக எழுதினால் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பையும் ஜான் நைட்டும் நான்சி லெவ்சனும் 1986-இல் 27 நிரல்களைப் பத்து லட்சம் உள்ளீடுகளால் சோதித்துக் கேள்விக்குள்ளாக்கினர். தனித்தனியாக எழுதப்பட்ட நிரல்களும் ஒரே உள்ளீடுகளில் சேர்ந்து தவறுவது, சாராமை உண்மையானால் இருக்க வேண்டியதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது.

இனி நேரத்துக்கு வாருங்கள். வாக்கெடுப்பு, மூன்றில் மிகத் தாமதமான விடைக்காகக் காத்திருக்கிறது அல்லது குறித்த நேரத்தில் காத்திருப்பை நிறுத்துகிறது. நிறுத்தினால், தாமதமான பிரதி பழுதான பிரதியாகவே எண்ணப்படும். எனவே பிரதிகளின் கடிகாரங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது நம்பகத்தன்மைக் கணக்கின் உள்ளேயே வந்துவிடுகிறது. பழுதான ஒரு கூறு வெவ்வேறு கூறுகளுக்கு வெவ்வேறு செய்தி சொல்லக்கூடும் என்றால், கையொப்பமிடாத செய்திகளை வைத்து ஒரு பழுதைத் தாங்க நான்கு கூறுகள் தேவை என்பதும் 1980-களின் தொடக்கத்திலிருந்தே தெரிந்த முடிவு.

நீண்ட நாள் சோதனை செய்து நம்பகத்தன்மையை எண்ணாகச் சொல்லிவிடலாமா?

எவ்வளவு உயர்ந்த எண் என்பதைப் பொறுத்தது. பயணிகள் விமானத்தில் பேரழிவுக்கு இட்டுச்செல்லும் பழுது, பறக்கும் மணி ஒன்றுக்கு நூறு கோடியில் ஒன்று என்ற அளவில் அரிதாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. நூறு கோடி மணி என்பது ஏறத்தாழ 1,14,000 ஆண்டுகள். அதைச் சோதனையால் மட்டும் காட்ட இயலாது என்பதை 1993-இல் பட்லர், ஃபினெல்லி ஒரு கட்டுரையிலும், லிட்டில்வுட், ஸ்ட்ரிஜினி மற்றொரு கட்டுரையிலும் தெளிவாக்கினர். ஆகவே உங்கள் ஆய்வேட்டில் சோதனை இருக்கட்டும். அதன் பலம் எந்த எண்வரை என்பதையும் கூடவே எழுதுங்கள்.

செய்முறைக்கு லினக்ஸ் போதுமா, தனி நிகழ்நேர இயங்குதளம் வேண்டுமா?

முழுமையாக இடைமறிக்கத்தக்க கர்னலுக்கான, அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தப்பட்டு உயர்ந்த முன்னுரிமைப் பணிக்கு வழிவிடத்தக்க இயங்குதள மையத்துக்கான திருத்தங்கள், பல ஆண்டுகள் தனியாகப் பராமரிக்கப்பட்டபின், 2024-இல் வெளியான 6.12 பதிப்பில் லினக்ஸின் முதன்மைக் கிளையிலேயே சேர்ந்துவிட்டன. திட்டமிடல் முறைகளை ஒப்பிடும் ஆய்வுக்கு அது பெரும்பாலும் போதும். அதில் அளக்கும் அதிகபட்சத் தாமதம் அளவீடுதான், வரம்பு அல்ல. லட்சம் ஓட்டங்கள் பற்றி மேலே சொன்னதே இங்கும் பொருந்தும். வரம்பை நிறுவ வேண்டுமானால் சிறிய கர்னலும் எளிய பிராசசரும் வேலையைப் பல மடங்கு குறைக்கும்.

தற்செயலாக உருவாக்கிய பணித்தொகுப்புகளில் சிமுலேஷன் செய்து வரைபடம் போட்டால் போதுமா?

முறைகளை ஒப்பிட அது ஏற்கப்பட்ட வழிதான். மொத்தப் பயன்பாட்டைப் பணிகளுக்குள் ஒருதலையாகச் சாயாமல் பிரிப்பதற்கு பினியும் புட்டாஸோவும் 2005-இல் தந்த வழிமுறை பரவலாகப் பயன்படுகிறது. சிமுலேஷன் கெடு தவறியதைக் காட்டினால் அது சான்று. தவறவில்லை என்று காட்டினால் அது சான்றன்று. உங்கள் முறைக்கு வசதியான காலவீச்சுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று மதிப்பாய்வாளர் பார்ப்பார் என்பதால், வசதியற்ற இடங்களையும் நீங்களே வரைந்து காட்டிவிடுவது மரியாதை.

நிறுவப்பட்ட தேற்றங்கள் இவ்வளவு இருக்கும்போது புதிதாகச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது?

நிறுவப்பட்டதாக நம்பப்பட்டவையே சில நேரம் பிழையாக இருந்திருக்கின்றன. வாகனங்களில் பயன்படும் கேன் பிணையத்தின் செய்தித் தாமதத்துக்கு 1994-இல் வந்த பகுப்பாய்வு, தொழில்துறைக் கருவிகள்வரை போய்ச் சேர்ந்திருந்தது. அனுப்பத் தொடங்கிய செய்தியை இடைமறிக்க முடியாத அந்தப் பிணையத்தில், நெரிசல் காலத்தின் முதல் செய்தியை மட்டும் ஆராய்ந்தால் போதாது, பின்வரும் செய்தி அதைவிட மோசமாகத் தாமதிக்கலாம் என்று 2007-இல் டேவிஸ், பர்ன்ஸ், பிரில், லுக்கீன் ஆகியோர் காட்டித் திருத்தினர். நடுவில் தானாகவே காத்திருக்கும் பணிகளைப் பற்றிய பல கட்டுரைகளிலும் இத்தகைய தவறுகள் பின்னர் வெளிப்பட்டன. தேற்றங்களைக் கணினியே சரிபார்க்கும் வகையில் எழுதும் முயற்சி இதன் தொடர்ச்சி. கணித நாட்டம் உள்ளவர்களுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

முக்கியத்துவம் வேறுபடும் பணிகளை ஒரே பிராசசரில் வைக்கும் ஆய்வு 2007-இல் ஸ்டீவ் வெஸ்டல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பெருகியது. அதில் முக்கியப் பணி தன் எதிர்பார்த்த நேரத்தைத் தாண்டியதும் மற்றவற்றைக் கைவிடுவது எளிதாக எழுதப்படுகிறது. கைவிடப்பட்ட பணியும் யாரோ ஒருவருக்குத் தேவைப்பட்டதுதான் என்பதைப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்குபவர்கள் சுட்டிக்காட்டுவது நியாயம் என்றே கருதுகிறேன்.

வாய்மொழித் தேர்வில் எதைக் கேட்டு மடக்குவார்கள்?

தேற்றத்தின் நடுவரிகளைவிட, முதல் பக்கத்தில் நீங்கள் எழுதிய அனுமானங்களையே கேட்பார்கள். மேலே போட்ட கணக்கில், சோதனைச்சாவடி இலவசம் என்று கொண்ட வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிழைகளுக்கிடையே குறைந்தது 12 மில்லி விநாடி இருக்கும் என்றீர்கள். அது 10 ஆனால் என்ன ஆகும் என்பார்கள். கணக்கிட்டால், மூன்றாம் பணிக்கு இரண்டு பிழைகளின் சுமை விழுந்து அது கெடுவைத் தவறவிடும். முதல் இரண்டும் 6 மில்லி விநாடிக்குள் ஒரு பிழையை மட்டுமே சந்திப்பதால் காப்பாற்றப்படும்.

நல்ல விடை அதோடு நில்லாது. அனுமானம் உடையும்போது மூன்றாம் பணிதான் முதலில் விழுகிறது என்றால், அது விழத்தக்க பணியா, விழுந்தது என்பதை அமைப்பு எப்போது அறிகிறது, அறிந்தபின் செய்ய வேண்டியதைச் செய்ய நேரம் மிச்சம் இருக்கிறதா என்பதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முன்னுரிமையை வருகை வேகத்தை வைத்து வழங்கினீர்கள் என்பதால், கடைசியில் இருக்கும் பணி முக்கியத்துவத்திலும் கடைசியாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இந்தக் கேள்வியைத் தேர்வாளர் கேட்கும்வரை வைத்திருக்காமல், ஆய்வேட்டில் அதற்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கிவிடுங்கள்.